ஓலைக் கொட்டகை அம்மனுக்கு ஆகிரியில் ஒரு பாட்டு

பாட்டுக் கட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, தென்காசிக்கு வந்து என் எதிரே உட்கார்ந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். எந்தச் சொல்லுக்கு எந்த ராகம் என்று எப்படித் தெரிகிறது என்கிறீர்கள். அதைச் சொல்லித்தர எனக்குத் தெரியாது. சுரம் எழுதத் தெரிந்தவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இதைக்கூட எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். எப்போது முடியுமோ அப்போது முடியட்டும். ஆனால் பாட்டுக் கட்டுவதில் என்னைக் குறைத்துச் சொல்ல இந்தச் சிற்றாற்றுக் கரையில் ஆள் இல்லை. அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

என் அப்பா தவில்காரர். வீட்டுக்கு வரும் நாகசுரக்காரர்களுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் ராகங்களைக் காதில் வாங்கினேன். பெண்பிள்ளை வாத்தியத்தைத் தொடக் கூடாது என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். பாடுகிற வாயை யாரும் கட்டவில்லை. கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்று, தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றபடி கட்டிய பாட்டுகளைத்தான் இன்றைக்குப் பட்டணத்து மேடைகளில் பெரிய பாடகர்கள் பாடுகிறார்கள். சரணத்தின் கடைசி வரியில் என் பெயர் முத்திரையாக இருக்கும். எவ்வளவு பெரிய பாடகரானாலும் அதைச் சொல்லித்தான் பாட்டை முடித்தாக வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் முதுகு நிமிர்கிறது.

இப்போது குரல் போய்விட்டது, புதிதாகக் கட்டுவதில்லை. அதனால் எனக்கு ஆற அமரப் பேச நேரம் இருக்கிறது. உங்களுக்கு ஒரே ஒரு பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். அதைக் கட்டியது கஷ்டமில்லை. கட்டிய பிறகு ஒரு காலை நேரம் அதை என்ன செய்வது என்று தீர்மானித்ததுதான் கஷ்டம்.

முப்பிடாதி என்று ஒரு பெண். சுந்தரபாண்டியபுரம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர், அந்த ஊரில் ஓர் அம்மன் கோயில். அந்தக் கோயிலில் அவளுடைய அப்பா காலமெல்லாம் நாகசுரம் வாசித்தவர். மகளுக்கும் அவரே கற்றுக்கொடுத்தார். அவர் இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கோயிலை இடித்துக் கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் அவள் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. நாகசுரத்தை உறையோடு மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ஆச்சி, எனக்கு ஒரு பாட்டு வேணும்."

"எதுக்கு?"

"குடமுழுக்கு அன்னிக்கு நான்தான் வாசிக்கேன். அன்னிக்கு ஊரு கேட்டுட்டு, பிடிச்சா கோயில்ல வாசிக்குத முறைய எனக்கே குடுப்பாவளாம். இல்லன்னா வெளியூர் மேளத்த வச்சிருவோம்னு கமிட்டியில பேசிட்டாவ."

"உங்கப்பா வாசிச்ச பாட்டு அத்தனை இருக்குல்லா. அதுல ஒண்ண வாசி."

அவள் தலையை ஆட்டினாள். "அத வாசிச்சா, அப்பா மாதிரி இல்லம்பாவ. எப்படி வாசிச்சாலும் அதத்தான் சொல்லுவாவ. யாரும் கேக்காத பாட்டு வேணும் ஆச்சி. அப்பத்தான் என்னையக் கேப்பாவ."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வருகிறவர்கள் குறைவு. மங்களகரமாக ஒன்று போடுங்கள் என்பார்கள், அல்லது கைதட்டல் வருகிற மாதிரி என்பார்கள். இவள் தன் பிழைப்பையே அந்தப் பாட்டின்மேல் வைக்கிறாள் என்று தெரிந்தது. அம்மனைப் பார்க்காமல் அம்மனுக்குப் பாட்டுக் கட்டுவதில்லை என்பது என் வழக்கம். அதனால் மறுநாளே அவள் ஊருக்குப் போனேன்.

போய்ப் பார்த்தால் கோயிலில் அம்மன் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், கோயில் வேலை நடக்கும்போது சாமியை வெளியே ஒரு தற்காலிக இடத்தில் வைத்துப் பூசை செய்வார்கள். அங்கே அது தென்னோலை வேய்ந்த ஒரு கொட்டகை. பக்கத்தில் சிமெண்டு மூட்டை, ஜல்லி, கலவை போடும் மெஷின். ஓலைக்குள் அம்மன் சின்னதாக இருந்தாள். ஒரு விளக்கு எரிந்தது. ஊரில் எல்லோருடைய வீடும் மெத்தை வீடு. அவள் மட்டும் ஓலைக்குள் ஒதுங்கி, தன் வீடு எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். கும்பிடக் கை எழவில்லை. வாடகை வீட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன தாய்க்கு இருப்பது போல இருந்தது எனக்கு.

அடுத்த நாள் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனேன். ஆனி மாதம், சாரல் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்துவிட்டால் வெளிச்சத்தம் ஒன்றும் காதில் விழாது. கடைக்காரன் கூப்பாடு, பிள்ளைகள் அழுகை எல்லாம் அற்றுப்போகும். தண்ணீர் உச்சியில் அறைகிற ஒரே சுருதிதான் இருக்கும். அதற்குள் நின்றுகொண்டிருக்கும்போது பல்லவி முழுசாக வந்தது.

*ஓலைக் கொட்டகையில் ஒதுங்கி நின்றாய்*
*ஊரெல்லாம் வீடிருக்க உனக்கில்லையோ தாயே*

நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. சொல்லும் ராகமும் ஒட்டிப் பிறந்து வந்தன. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் என் தோளைத் தொட்டு, "என்ன ஆச்சி, குளிருதா? முனங்குதீய?" என்றாள். "குளிரலம்மா, நீ குளி" என்றேன். எத்தனையோ பாட்டுக் கட்டியிருக்கிறேன். ஆனால் இப்படி ஒன்று வருகிறபோது கால் நடுங்கத்தான் செய்கிறது. இந்த உடம்பு வழியாக இது ஏன் வருகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஈரச் சேலையோடு கடைகளுக்கு நடுவே நடந்து வரும்போது யாரோடும் பேசவில்லை. பேசினால் கொட்டிப் போய்விடும் என்று பயம்.

வந்த ராகம் ஆகிரி.

உங்களுக்குத் தெரியும் ஆகிரி எப்படிப்பட்டது என்று. ஏறும்போது ஒரு காந்தாரம், இறங்கும்போது இன்னொரு காந்தாரம். போன வழியில் திரும்பி வராத ராகம். அழுகை என்று சொல்ல முடியாது. அழுது முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனசு அது. அதைப் பற்றி நம் தொழிலில் ஒரு நம்பிக்கை இருக்கிறதும் தெரிந்திருக்கும். காலையில் ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்பார்கள். பெரிய வித்துவான்களே கச்சேரிக்கு வெளியே அதைத் தொடுவதற்கு யோசிப்பார்கள்.

முப்பிடாதிக்குச் சொல்லிக்கொடுத்தேன். பல்லவியை நான் வாயால் பாட, அவள் வாங்கி வாசித்தாள். அனுபல்லவிக்குப் போவதற்குள் நாகசுரத்தை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஆச்சி, இது ஆகிரியில்லா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"முதல் தீபாராதனைக்கு வாசிக்கணும். அது காலையில வரும். பொறவு அன்னதானம் இருக்கு."

"இருக்கட்டும்."

"காலையில ஆகிரி கூடாதுன்னு சொல்லுதாவளே."

"யாரு சொல்லுதா?"

"எல்லாரும்."

"எல்லாரும் வந்து பாட்டுக் கட்டட்டும். நீ அனுபல்லவிய வாங்கு."

அவள் சிரித்துவிட்டாள். நாகசுரத்தை மறுபடி வாயில் வைத்தாள். எனக்கு அந்த நம்பிக்கையில் பிடிப்பு இல்லை. ஓலைக்குள் இருக்கிறவளுக்கு வேறு எந்த ராகத்தில் பாடுவது? என் காதுக்கு அது ஒன்றுதான் நியாயமாகப் பட்டது.

குடமுழுக்கு அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் நான் ஊருக்குப் போய்விட்டேன். யாகசாலையில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. கோபுரத்துக்குச் சாரம் கட்டி ஏணி வைத்திருந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் பந்தல் போட்டு அன்னதானத்துக்குச் செங்கல் அடுப்புகள் வரிசையாக வைத்திருந்தார்கள். அந்தப் பந்தலுக்குப் பக்கத்தில், ஒரு வேப்பமரத்தடியில், முப்பிடாதி நாகசுரத்தில் ஊதுகிற சீவாளியைப் பதம் பார்த்துவிட்டுப் பாட்டை ஒருதரம் மெதுவாக வாசித்துப் பார்த்தாள். தவிலுக்கு அவளுடைய தாய்மாமன். அவர் அதிகம் பேசாத மனுசன். அவர் கை அவள் மூச்சைப் பார்த்தே போகும்.

பல்லவி முடியவில்லை. சமையல் பந்தலிலிருந்து ஒருவர் கையில் கரண்டியோடு வந்தார். கோமதிநாயகம் என்று பேர், சமையல்காரர். பெரிய கல்யாண வீடுகளில் சமைத்தவர். சமைத்த இடத்தில் எல்லாம் கச்சேரி கேட்டுக் கேட்டு ராகம் பிடிபட்டவர் என்று பிறகு தெரிந்தது.

"இப்பம் வாசிச்சது என்ன ராகம்?"

முப்பிடாதி என்னைப் பார்த்தாள்.

"ஆகிரிதானே? மறைக்காத. எனக்குக் காது இருக்கு."

"ஆகிரிதான்" என்றேன் நான். "நான் கட்டின பாட்டு."

"நீங்களா? ஏன் ஆச்சி, உங்களுக்கு வேற ராகமே கிடைக்கலியா? அத்தன கிடக்குல்லா."

"எனக்குக் கிடைச்சது இதுதான்."

"அப்பம் எனக்கு வேற கோயிலு கிடைக்கும்." திரும்பிப் பந்தலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே, அடுப்ப அணைங்கலே. உலை வைக்க வேண்டாம்."

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். அது விளையாட்டு முகமும் இல்லை, வீம்பு முகமும் இல்லை. மனுசனுக்கு உள்ளபடியே பயம். ஒரு கல்யாணத்தில் காலையில் யாரோ ஆகிரி வாசித்ததாகவும், பால் மொத்தமும் திரிந்து, சாம்பார் அண்டா கவிழ்ந்து, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமல் போனதாகவும் சொன்னார். அன்றைக்கு அந்த அண்டாவைப் பிடித்திருந்தது அவர் கைதான்.

சத்தம் கேட்டுக் கமிட்டித் தலைவர் வந்தார். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருப்பவர். ஊரில் மண்டி அண்ணாச்சி என்பார்கள். அன்னதானம் அவர் பொறுப்பு.

"என்னய்யா, அடுப்பு அணையுது?"

"இந்த ராகத்த இந்தப் பிள்ள வாசிச்சா சோறு கிடைக்காது அண்ணாச்சி."

"யாருக்கு?"

"ஊருக்கே."

"அரிசி மூட்டை மூட்டையாக் கிடக்கு. காயெல்லாம் நறுக்கியாச்சு. சோறு எங்கன போவும்?"

"எங்கன போவும்னு எனக்குத் தெரியாது. போவும்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை. "ஆச்சி, நீங்க பெரியவிய. இதெல்லாம் எனக்குத் தெரியாது. நல்ல நாளும் அதுவுமா பேச்சு வேண்டாம். பாட்ட மாத்துங்க. இல்ல, இந்தப் பிள்ள அதுக்கப்பன் வாசிச்சதையே வாசிக்கட்டும். வெளியூர் மேளக்காரவளும் சாமி கும்பிட வந்திருக்காவ. எதுனாலும் சீக்கிரம் சொல்லுங்க."

முப்பிடாதியின் கண் என் மேலேயே இருந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் எப்படி யோசித்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். எனக்கு முன்னால் இரண்டு வழி தெரிந்தது. அதே சொல்லை மோகன ராகத்தில் போட்டுக் கொடுத்துவிடலாம். உலை கொதிப்பதற்குள் என்னால் அது முடியும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், கோமதிநாயகம் கேசரிக்கு இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றுவார். ஆனால் மோகனத்தில் அந்தச் சொல்லைப் பாடிப் பாருங்கள். ஓலைக் கொட்டகை சுற்றுலா பங்களா ஆகிவிடும்.

இன்னொரு வழி, ஆகிரிதான் என்று பிடிவாதமாக நிற்பது. என் குணத்துக்கு அதுதான் சுலபம். நான் அதட்டினால் அண்ணாச்சி மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார். வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது கோமதிநாயகத்தின் கையைப் பார்த்தேன். கரண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. இப்படி நடுங்குகிற கை உப்புப் போட்டால் அது சரியாக விழாது. சோறு குழையலாம், பால் திரியலாம், சும்மாவே கூட ஒரு மழை வந்து அடுப்பு அணையலாம். ஊர் யாரைச் சொல்லும்? என்னைச் சொல்லாது. நான் மாலையில் பஸ் ஏறித் தென்காசிக்குப் போய்விடுவேன். அந்தப் பெண் வாசித்தாள், சோறு போய்விட்டது என்பார்கள். அந்தப் பேச்சு அவள் சாகும்வரை போகாது. பாட்டு என்னுடையது. அதைச் சுமக்கப் போகிற தலை அவளுடையது.

இன்னொன்றும் தோன்றியது. அந்த ஊரில் அந்தக் காலையில் ஆகிரிக்கு ஒரு சக்தி இருக்கிறது என்று நம்பிய ஆள் அந்தச் சமையல்காரர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அது பீப்பீ சத்தம். ஒரு ராகத்துக்குப் பயந்து அடுப்பை அணைக்கிறவரை நான் எப்படி இளக்காரமாகப் பேசுவது? நானும் அதைக் கண்டு நடுங்கித்தானே அருவியிலிருந்து வந்தேன்?

"கோமதிநாயகம், எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பொறவு வாசிச்சா?"

அவர் யோசித்தார். "கடைசிப் பந்தியும் எழுந்திரிச்ச பொறவா?"

"கடைசி இலைய எடுத்த பொறவு."

"அப்பம் கெட்டுப் போறதுக்குச் சோறே இருக்காதுல்லா." கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "ஏலே, பத்த வைங்கலே."

மண்டி அண்ணாச்சி மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "சாப்பிட்ட பொறவு எவன் இருப்பான் ஆச்சி? கை கழுவுன ஈரத்தோட வண்டிய எடுத்துருவான்."

எல்லோரும் போன பிறகு முப்பிடாதி சொன்னாள். "ஆச்சி, ஊரு போயிரும்."

"இருக்கவன் கேப்பான்."

"எனக்கு இருக்கவன் பத்தாது ஆச்சி. எனக்கு ஊரு வேணும்."

அந்த ராகத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான். நேரத்தைத் தள்ளியவளும் நான். நஷ்டம் வந்தால் அவளுக்கு.

கலசத்தில் நீர் ஊற்றும்போது தாய்மாமன் கெட்டிமேளம் கொட்டினார். தீபாராதனைக்கு முப்பிடாதி தன் அப்பா வாசித்த பழைய பாட்டையே வாசித்தாள். சுத்தமாக வாசித்தாள். என் பின்னால் நின்ற இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது.

"அவ அப்பன் வாசிச்சா கேட்டுக்கிட்டே நிக்கலாம்."

"இவளும் பரவாயில்லடே."

பரவாயில்லை என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பந்தி பந்தியாகச் சாப்பிட்டார்கள். சோற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை. கடைசி இலை எடுக்கும்போது உச்சி சாய்ந்துவிட்டது. அண்ணாச்சி சொன்னது போலத்தான் நடந்தது. பைக்குகள் கிளம்பின. வேனில் வந்தவர்கள் வேனில் ஏறினார்கள். புதுக் கோயிலின் மண்டபத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு கொஞ்சம் பெண்கள், தூணில் சாய்ந்து கண் அயர்ந்த கிழவர்கள், வெளியூர் மேளக்காரர்கள், அவ்வளவுதான். ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அண்ணாச்சி நிறுத்தச் சொன்னார்.

நாகசுரத்தில் சொல் கேட்காது. அதனால் முதலில் நான் மைக்கை வாங்கிப் பல்லவியை ஒருதரம் பாடினேன். குரல் அப்போதே கரகரப்புத்தான். ஆனாலும் ஓலைக் கொட்டகை என்றதும் வெற்றிலைப் பெண்களில் ஒருத்தி மெல்லுவதை நிறுத்தினாள். அந்தக் கொட்டகை இன்னும் பிரிக்காமல் எதிரேதான் நின்றது, காலியாக.

முப்பிடாதி எடுத்தாள்.

ஆலாபனையில் அவள் அவசரப்படவில்லை. ஊர் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் பிடித்து இழுக்கப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சுரமாகத் தொட்டுப் பார்த்து வைத்தாள். கிளம்பிய ஒரு பைக் தெருமுனையில் நின்றது. ஓட்டியவன் இறங்கவில்லை, இன்ஜினை மட்டும் அணைத்தான். எல்லோரும் திரும்பி வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். வேன் போயேவிட்டது. ஆனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் தேய்க்கிற சத்தத்தை நிறுத்தினார்கள். வீட்டுக்குப் போனவர்கள் சிலர் வாசல்படியில் வந்து நின்றது தெரிந்தது. சின்ன ஊர், நாகசுரம் எந்த வீட்டுக்கும் எட்டும்.

பல்லவிக்கு வந்தாள். ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாட நான் கொடுத்த சங்கதி ஒவ்வொன்றாக வந்தது. உனக்கில்லையோ என்ற இடத்தில் நான் போட்டது ஓர் இறக்கம். மேலிருந்து வழுக்கி, நிற்காமல், தாயே என்று முடிந்து மறுபடி பல்லவி எடுப்புக்குப் போகும். எனக்கு மிகவும் பெருமையான இடம் அது.

அவள் உனக்கில்லையோ என்று வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். மூச்சு வாங்குகிற நேரம் தாண்டியது. தவிலும் நின்றுவிட்டது. வாத்தியம் அவள் உதட்டில்தான் இருந்தது. கண் திறந்து கருவறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டை மறந்துவிட்டாள் என்றே தோன்றியது. எடுத்துக்கொடுக்கலாம் என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள், நான் முடிக்கச் சொன்ன இடத்துக்கு ரொம்பக் கீழே, தாயே என்று மெதுவாக எடுத்தாள்.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருசம் ராகத்தோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். இப்படி ஓர் இடம் ஆகிரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் பாட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. கிழவர்கள் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர் மேளக்காரர் ஒருவர் தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சங்கதியை அவள் இன்னொருதரம் வாசித்தாள், இன்னொருதரமும் நின்றாள். இந்தத் தடவை அந்த இடத்துக்காக மண்டபமே காத்திருந்தது.

முப்பிடாதி வாசித்த இந்தப் பாட்டை நீங்கள் என் மருமகள் அனுப்பிய பதிவில் கேட்டிருப்பீர்கள். அந்த இடம் வந்ததும் பதிவு நின்றுவிட்டது என்று செல்போனைத் தட்டிப் பார்த்ததாக உங்களில் ஒரு பிள்ளை சொன்னாள். நிற்கவில்லை. அது பாட்டுதான்.

முடிந்ததும் கைதட்டல் எல்லாம் இல்லை. கோயிலில் யார் கைதட்டுவார்கள்? கோமதிநாயகம் தூணோரமாக வந்து நின்றார். வலது கை முழுக்கச் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. சமையல்காரர் கடைசியில் சாப்பிடுகிறவர் இல்லையா, அப்போதுதான் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார். பாட்டு எடுத்ததும் அப்படியே எழுந்து வந்துவிட்டார்.

"சொன்னேன்லா ஆச்சி, சோறு கிடைக்காதுன்னு. என் இலைய ஆடு தின்னுட்டு."

நான் சிரித்தேன். இந்தத் தடவை அவரும் சிரித்தார். பிறகு சமையல் பந்தலுக்குப் போய், அண்டாவில் ஒட்டியிருந்த சோற்றை வழித்து வந்து, மண்டபத்து ஓரத்தில் மூன்று இலை போட்டார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, ஒன்று முப்பிடாதிக்கு. அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"ஏட்டி, அந்த எடத்துல நிறுத்துனியே. அது என்ன? நான் சொல்லித்தரலியே."

"தப்பா ஆச்சி?"

"தப்புன்னு சொன்னனா? எங்க படிச்சன்னு கேக்குதேன்."

அவள் இலையைப் பார்த்தபடி சொன்னாள். "அப்பா கடைசியில அந்தக் கொட்டகைக்கு முன்னாலதான வாசிச்சாவ. கேள்வி கேக்குத மாதிரி ஒரு பிடி வந்துட்டா நிறுத்திருவாவ. ஏம்ப்பா நிறுத்துதியன்னு கேட்டேன். சாமிட்ட ஒண்ணக் கேட்டுட்டு நாமளே பேசிக்கிட்டே போனா அவ எப்பம் பதில் சொல்லுவான்னாவ." ஒரு வாய் சாப்பிட்டாள். "உங்க பாட்டுலயும் உனக்கில்லையோன்னு கேக்குதோம்லா ஆச்சி. கேட்டா நிக்க வேண்டாமா?"

நான் பிசைந்த சோற்றோடு உட்கார்ந்திருந்தேன். அம்மனைப் பார்த்து அப்படிக் கேட்டவள் நான். கேட்டுவிட்டு, அடுத்த சங்கதி எவ்வளவு அழகாக இறங்குகிறது பார் என்று என் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். நான் கட்டியது நல்ல பாட்டு, இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதில் அம்மனுக்கு நான் இடம் விடவில்லை.

"அந்தத் தாயேங்குத சொல்ல எங்க எடுக்க? அந்தக் கீழ் எடுப்ப எனக்குச் சொல்லு" என்றேன். அவள் எச்சில் கையோடு, வாய்க்குள்ளேயே பாடிக் காட்டினாள். நான் திருப்பிப் பாடினேன். சரியாக வரவில்லை. இன்னொருதரம் பாடச் சொன்னாள். பாடினேன். சமையல்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது மண்டி அண்ணாச்சி வந்தார். பின்னால் கமிட்டிக்காரர்கள் இரண்டு மூன்று பேர். அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னார்.

"நாளையிலருந்து மண்டல பூசை ஆரம்பம். தினமும் காலையில மேளம் வேணும். பொறவு வருசம் பூரா இருக்கு. ஏம்மா, வருதியா?"

முப்பிடாதியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கமிட்டிக்காரர்களும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக இப்படி நேரத்தில் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வருவாள், வராமல் எங்கே போவாள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டது அவளை.

வெளியே பந்தல் பிரிக்கிறவர்கள் கயிறு அறுக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது எனக்கு. பிறகு மிகக் கீழே, அவளுக்கே கேட்டதோ என்னவோ என்கிற குரலில் சொன்னாள்.

"வாரேன் அண்ணாச்சி."